ஏறிய கியரில் இறங்குவோம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இலக்கியத் தொடர் என்று வானொலியைத் திறந்து வைத்திருக்கும் உங்களிடம் இன்று நான் கார் பற்றிக் கதைக்கப் போகிறேன். தமிழாசிரியருக்கும் பிரேக் ஒயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். லிந்துலையில் குடியிருந்து, பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏற்றமும் இறக்கமுமாக நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வரும் எவருக்கும் அந்தச் சம்பந்தம் நன்றாகவே விளங்கும்.

வண்டி பற்றிய பேச்சு நமது இலக்கியத்துக்குப் புதியதும் அல்ல. புறநானூற்றின் 102ஆம் பாடலை நினைத்துப் பாருங்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடியது அது. உப்பு வணிகர் ஒரு வண்டி பூட்டுகிறார்கள். மாடுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. போகிற வழியில் பள்ளத்தில் இறங்க வேண்டும், மேட்டில் ஏற வேண்டும். எங்கே என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே, இருக்கிற அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சையும் கட்டி வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். நாங்கள் ஸ்பெயார் வீல் என்கிறோம். தமிழ்நாட்டில் ஸ்டெப்னி என்பார்கள். அது வேல்ஸ் நாட்டில் லனெலி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அங்கே 1904இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கியவர்களின் கம்பனியும் அந்தப் பெயரையே கொண்டிருந்தது.

அந்த உமணருக்கு நுகம் பழகாத மாடுகள்; எங்களுக்கு வண்டி பழகாத கைகள். நான் இன்று சொல்ல நினைப்பது அதைப் பற்றித்தான்.

மலைநாட்டு வீதிகள் எதற்காக வெட்டப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் கோப்பிக்காக, பின்னர் தேயிலைக்காக. ரயில் பாதை 1885இல் நானுஓயாவை வந்தடைந்தது. அந்தப் பாதைகளை வெட்டியவர்களும் கல் உடைத்தவர்களும் எங்கள் பாட்டன், பூட்டன்மார். வீதி வந்த பிறகு அதில் காரில் போனவர்கள் துரைமார். கார் வரும் சத்தம் கேட்டால் கொழுந்துக் கூடையோடு தேயிலைச் செடிப் பக்கம் ஒதுங்கி நின்றது எங்கள் சனம். 2023ஆம் ஆண்டு மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி நடந்ததை அறிவீர்கள். எங்கள் முன்னோர் நடந்து வந்தார்கள் என்பதுதான் அதன் பொருள்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. லயத்துக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கார் நிற்கிறது. கொழும்பிலே கடை வைத்தவருடைய கார். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து ஒரு தாய் அனுப்பிய பணத்தில் மகன் வாங்கிய கார். என்னைப் போல வங்கிக் கடனில் ஓர் ஆசிரியர் வாங்கிய கார். லயத்து வாசல்வரை அது போகாது. பாதை அப்படி. ஆனாலும் அது எங்களுடைய கார்.

எங்களிற் பெரும்பாலோர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள். எங்கள் தகப்பன்மாரிடம் கார் இருந்ததில்லை. மழைநாளில் எப்படி ஓட்டுவது, எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதை உடனே மாற்ற வேண்டும், எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்பதையெல்லாம் வீட்டிலே சொல்லித்தர ஆள் இல்லை. பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே வீதியோரத்து ஆலோசனைதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் கார் வாங்கிய 2012ஆம் ஆண்டிலே ஒரு காலை, லிந்துலைக் கடைவீதியில் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடத்தில் ஐந்து பேர் கூடிவிட்டார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார்: "சேர், பற்றறி செத்துப் போச்சு. புதுசு போடணும்." பஸ் நடத்துநர் சொன்னார்: "பற்றறி இல்லீங்க, இது பிளக்." மரக்கறி விற்பவர், "பெற்றோல் இருக்குதான்னு பாருங்க மொதல்ல" என்றார். வயதான ஓர் அம்மா, "புதுக் காரு, கண்ணு பட்டிருக்கும். எலுமிச்சம்பழம் வைச்சு நசுக்குனீங்களா வாத்தியாரய்யா?" என்று விசாரித்தார். எல்லோருக்கும் ஒவ்வொரு பதில் இருந்தது. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

அப்பொழுது எண்ணெய் படிந்த சட்டையோடு ஓர் இளைஞன் வந்தான். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு கராஜில் சேர்ந்திருந்த என் பழைய மாணவன். ஒன்றும் பேசாமல் பொனற்றைத் திறந்தான். பற்றறியின் முனையிலே வயரைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்து, வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்து இறுக்கினான். "இப்ப போட்டுப் பாருங்க சேர்" என்றான். கார் உடனே உயிர் பெற்றது. காசு வாங்க மறுத்துவிட்டுப் போனான்.

அன்று கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைவு. அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் தமிழ்ப் பாடத்துக்கு எதிரே நானே என் கையால் எழுதியிருந்தேன்: 'கவனம் போதாது'.

நேயர்களே, ஆலோசனைகளில் மூன்று வகை உண்டு என்று இத்தனை ஆண்டுகளில் நான் கண்டிருக்கிறேன். முதல் வகை, அன்பினால் சொல்லப்படுவது. எலுமிச்சம்பழம் அந்த வகை. அதனால் கெடுதி ஒன்றும் இல்லை. இரண்டாவது, எங்கோ ஒருமுறை பலித்ததை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்வது. பற்றறியை மாற்று என்பது அப்படிப்பட்டது. இதில்தான் எங்கள் சம்பளம் கரைகிறது. மூன்றாவது, கையால் தொட்டு, காதால் கேட்டு, பல வருடம் பழகியவர்கள் சொல்வது. அதை அவர்கள் மெதுவாக, ஒரு தடவைதான் சொல்வார்கள். கூட்டத்திலே அந்தக் குரல் எடுபடாது. நாங்கள்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

மலைநாட்டுக்கென்றே சில பாடங்கள் உள்ளன. கொழும்பிலே கார் ஓட்டியவருக்கு அவை தெரியவேண்டிய அவசியம் இல்லை. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் சாதாரண எஞ்சினின் வலு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார் இழுக்கவில்லை என்று கராஜுக்குக் கொண்டு போகிறவர்களிற் சிலர் உண்மையில் மலையின் மேல்தான் முறைப்பாடு செய்கிறார்கள். தண்ணீரும் இங்கே சீக்கிரம் கொதிக்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேற்றரின் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்து இந்தக் குறையைச் சமாளிக்கிறது. மூடியின் ரப்பர் பழுதானால் ஏற்றத்தில் கார் கொதிக்கும். சிறு மூடிதானே என்று அதை யாரும் பார்ப்பதில்லை. கொதித்த ரேடியேற்றரை அவசரத்தில் திறந்து முகத்தையும் கையையும் சுட்டுக்கொண்டவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரம் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அவசரமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பனிமூட்டம் இன்னொரு பாடம். புதிதாக ஓட்டுபவர் மூட்டத்தைக் கண்டதும் ஹெட்லைட்டை உயர்த்திப் போடுவார். வெளிச்சம் மூட்டத்திற் பட்டுத் திரும்பி அவர் கண்ணையே கூசச் செய்யும். விளக்கைத் தாழ்த்த வேண்டும். வேகத்தையும் தாழ்த்த வேண்டும். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிவதற்கு வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்க்கச் சொல்வார்கள். ஷாம்பு பூசச் சொல்வார்கள். கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, குளிரூட்டி இருந்தால் அதைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாலே போதும்.

ரயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடாத ரயர் தேய்வதில்லை, ஆனால் கிழடாகும். ரயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்தது என்று பொருள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வர்ணத்தைத் தடவிப் பார்க்கும் முன்னர் இந்த இலக்கத்தைக் குனிந்து பார்க்கட்டும்.

இவையெல்லாம் சிறிய பாடங்கள். பெரிய பாடத்தை நான் கற்றது 2013ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதத்து மழை இரவொன்றில்.

அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னர் காரை அந்த மாணவனிடம் காட்டியிருந்தேன். அவன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், பிரேக் லைனர் தேஞ்சிருக்கு. ஒயிலும் கறுத்துப் போச்சு. இத மாத்திட்டுத்தான் ஓட்டணும்." நான் செலவைக் கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அவன் இன்னொரு தடவை, "ரொம்ப நாள் போட வேணாம் சேர்" என்றான். அந்த மாதமே காருக்குப் புதிய சீற் கவர் போட்டேன். பாட்டுக் கேட்க ஒரு கருவியும் பூட்டினேன். உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று இருந்தது. காரிலே போய் இறங்க வேண்டும் அல்லவா?

அன்று மாலை பக்கத்துத் தோட்டத்து மாணவி ஒருத்தியின் தாய்க்குப் பிரசவ வலி. வாகனம் எதுவும் கிடைக்கவில்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வரும் சேவை நாட்டில் தொடங்கியதே 2016இல்தான். மலைநாட்டுக்கு அது வந்தது அதற்கும் பிறகு. என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தாயையும் தகப்பனையும் ஏற்றினேன். வீட்டிலே பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மாணவியும் அவளுடைய சின்னத் தம்பியும் ஏறிக்கொண்டார்கள். துணைக்கு வந்தவர், தோட்டத்துத் தேயிலை லொறியை முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு முதியவர். ஊரெல்லாம் அவரை டிரைவர் மாமா என்றே அழைக்கும்.

நுவரெலியா வைத்தியசாலையில் தாயைச் சேர்த்தோம். தகப்பன் அங்கேயே தங்கினார். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு திரும்பினோம். நானுஓயாவைக் கடந்து ராதல்ல குறுக்குவீதியால் இறங்கினேன். சீக்கிரம் வீடு போகலாம் என்ற எண்ணம். மழை; மூட்டம்; செங்குத்தான இறக்கம். மூன்றாம் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிக்கொண்டிருந்தேன். மாமா ஒரு தடவை, "சேர், கியரக் கொறைச்சுக்கங்களேன்" என்றார். எஞ்சின் கத்துகிறதே, பெற்றோல் கூடுதலாகக் குடிக்குமே என்று நினைத்து நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

சிறிது தூரத்தில் பிரேக் மிதி மெத்தை போலானது. மிதித்தேன், அடிவரை போயிற்று. கார் நிற்கவில்லை. வேகம் ஏறிக்கொண்டே போயிற்று.

மாமாவின் குரல் உயரவில்லை. "பயப்படாதீங்க சேர். ரெண்டுக்கு மாத்துங்க. கிளச்ச ஒடனே விட்டுருங்க, மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க." எஞ்சின் அலறியது, கார் ஒரு குலுக்குக் குலுக்கி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் குறைந்தது. "இப்ப ஒண்ணு. ஹேண்ட் பிரேக்கக் கொஞ்சங் கொஞ்சமா இழுங்க. ஒரேயடியா இழுக்காதீங்க. மண்மேட்டுப் பக்கம் ஒதுக்குங்க. பள்ளத்துப் பக்கம் பாக்காதீங்க." காரின் இடப்பக்கம் மேட்டிலே உரசியது. முன்சக்கரம் கானுக்குள் இறங்கியது. நின்றோம்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்துக் கதவாலும் இறங்க எனக்குக் கால் வரவில்லை. மாமாவோ எப்படியோ பின்பக்கமாக நகர்ந்து இறங்கி, மழையிலே தடவி ஒரு கல்லைத் தேடியெடுத்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பின்னாசனத்தில் அக்காளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பையன் அப்பொழுதுதான் விழித்தான். "வீடு வந்திருச்சா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காரை இழுத்து வந்து திருத்திய அந்த மாணவன் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் விளக்கினான். பிரேக் பிடிப்பது என்றால் வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான். நீண்ட இறக்கத்தில் இடைவிடாமல் மிதித்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் கலந்த பழைய ஒயில் அந்தச் சூட்டில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழாகிறது. ஒயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவி சுருங்கும், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது ஒயிலை மாற்ற வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அவன் சொல்லி முடித்ததும் எனக்கு அந்தத் தேர்ச்சி அறிக்கை மறுபடியும் நினைவுக்கு வந்தது. கவனம் போதாதவன் யார் என்பது அந்தக் கானிலே தெரிந்துவிட்டது. காண்பவர்களுக்காகச் சீற் கவர் வாங்கினேன். காண முடியாத இடத்திலிருந்த பிரேக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளினேன். பிறருடைய மூன்று உயிர்களை அதன்மேல் ஏற்றி வைத்தேன்.

டிரைவர் மாமாவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன், இந்த மலையில் இத்தனை வருடம் பாரலொறி ஓட்டினீர்களே, உங்கள் இரகசியம் என்ன என்று. அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கணும் சேர். அவ்வளவுதான். ஏத்தத்துல ரெண்டாவதுல போனா எறக்கத்துலயும் ரெண்டாவதுதான்."

நேயர்களே, இதைவிடச் சுருக்கமாக ஒரு சூத்திரத்தை நான் இலக்கணத்திலும் படித்ததில்லை. எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கும் நிறுத்தத்துக்கும் சேமித்து வைக்கலாம். இன்றைய தானியங்கிக் கியர் கார்களுக்கும் இதே விதிதான். அந்தக் கார்களிலே கியர்த் தண்டின் அருகில் எல், எஸ், இரண்டு என்று குறிகள் இருக்கும்; கலப்பின ஹைபிரிட் கார்கள் பலவற்றில் பி என்ற குறி இருக்கும். இறக்கத்துக்கென்றே வைத்த குறிகள் அவை. கார் வாங்கிய நாளிலிருந்து டி என்ற ஒரே குறியில் மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். சமவெளியிலிருந்து நுவரெலியா பார்க்க வருகிறவர்களும் அப்படியே இறங்குகிறார்கள். அடிவாரத்துக்கு வரும்போது சக்கரத்திலிருந்து கருகல் மணம் வரும். கருகல் மணம் வந்தால், அகலமான இடம் பார்த்து நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதாது, இரண்டு குடியுங்கள்.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி இரவு, அதே ராதல்ல குறுக்குவீதியில் பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11ஆந் திகதி கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்திற் புரண்டு இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த விபத்துகளின் காரணங்களை ஆராய்வது என் வேலையல்ல. ஆனால் ராதல்லச் செய்தியைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னர் நான் கானிலே நின்ற வீதி அது. எனக்குப் பக்கத்தில் ஒரு மாமா இருந்தார் என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியாலும் நான் பிழைக்கவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் தமிழாசிரியனாக இருக்க முடியாது. முட்டுக்கட்டை என்கிறோம். நல்ல காரியத்தைத் தடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று ஏசுகிறோம். கோயில் தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய தேரை வடம் பிடித்து இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். நிறுத்துபவர் சக்கரத்தருகே கட்டையோடு குனிந்து நிற்கும் ஒருவரோ இருவரோதான். அவர் உரிய நேரத்தில் கட்டையைக் கொடுக்காவிட்டால் தேர் வீதியிலே நிற்காது, வீட்டுக்குள் போகும். எங்கள் லொறிகளிலும் கிளீனர் கையில் ஒரு கட்டை இருக்கும். ஏற்றத்தில் நின்றால் "கட்டை போடு" என்பதுதான் முதற் சத்தம். மலையிலே முட்டுக்கட்டை வசைச்சொல் அல்ல. அன்றிரவு மாமா தேடியெடுத்த கல்லும் ஒரு முட்டுக்கட்டைதான். "கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னதும், "ரொம்ப நாள் போட வேணாம்" என்று மாணவன் சொன்னதும் முட்டுக்கட்டைகள்தான். நான்தான் அவற்றை ஒதுக்கிவிட்டு உருண்டேன்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கார் பற்றிய அறிவு எங்கள் சமூகத்தில் இல்லாமல் இருக்கவில்லை. துரையின் காரை ஓட்டியவர் எங்கள் ஆள். தோட்டத்து லொறியை ஓட்டியவர் எங்கள் ஆள். எஞ்சினை இறக்கி ஏற்றியவரும் எங்கள் ஆள்தான். கார் சொந்தமாக இல்லாதவர்களிடமே கார் அறிவு இருந்தது. இன்று கார் வைத்திருக்கும் நாங்கள் படித்தவர்கள்; உத்தியோகம் பார்ப்பவர்கள். அவர்களிடம் போய்க் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்டாலும், 'வாத்தியாருக்குத் தெரியாததா' என்ற எண்ணத்தோடு கேட்கிறோம். காரைக் கொடுத்தது கடன் தந்த வங்கி. ஓட்டக் கற்றுத்தந்தது ஒரு சாரதிப் பயிற்சிப் பாடசாலை. இறங்கக் கற்றுத்தந்தவர் தம் வாழ்நாளில் ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாக வைத்திராத மனிதர்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இந்தக் கல்வி இன்னொரு விதமாகத் தொடர்ந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அதற்கு முன்னர் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தோம். வரிசையிலே காரைத் தள்ளியபடி நகர்ந்தபோதுதான் பலர் முதன்முதலாகப் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். நின்ற கார்களின் பற்றறி இறங்கியது. எலி வயரைக் கடித்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை, 2025இன் முற்பகுதிவரை மீண்டும் தொடங்கவில்லை. இருக்கிற காரை வைத்துச் சமாளிக்க வேண்டிய அந்த ஐந்து வருடத்தில், பேணுதல் என்ற சொல்லின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

மயிலிறகுதானே என்று வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துபோகும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இந்தக் குறளை நான் பல வருடம் அரசியலுக்கும் போருக்கும் உரியதென்றே வகுப்பில் விளக்கிவந்தேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொன்றும் ஒரு மயிலிறகு என்பதையும் இப்பொழுது சேர்த்துச் சொல்கிறேன். மாணவர்களுக்கு உடனே விளங்குகிறது. அவர்களில் அரைவாசிப் பேரின் வீட்டில் ஒரு முச்சக்கர வண்டியோ மோட்டார் சைக்கிளோ இருக்கிறதல்லவா?

அன்றிரவு நுவரெலியாவில் பிறந்த பெண் குழந்தை இன்று எங்கள் கல்லூரியிலேயே படிக்கிறாள். அந்த மாணவன் சொந்தமாக ஒரு சிறு கராஜ் போட்டிருக்கிறான். தேர்ச்சி அறிக்கைகளில் அந்த இரண்டு சொற்களையும் நான் எழுதுவதை நிறுத்திப் பல காலமாயிற்று. டிரைவர் மாமா காலமாகிவிட்டார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் கருப்பந்தேயிலை மரத்திலே ஆப்புப்போல ஒரு கட்டை செதுக்கி, "கார்ல கெடக்கட்டும் சேர்" என்று தந்தார். அது இன்றும் என் காரின் பின்பெட்டியில், ஸ்பெயார் வீலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உமணரின் சேம அச்சைப் படிப்பிக்கும் நாளில் அதை வகுப்புக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைப்பேன்.

நேயர்களே, இந்த உரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால், நாளைக் காலை காரைத் திறந்து பிரேக் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் அடுத்த மாதம் என்று சொல்லாதீர்கள். உங்கள் ஊரிலும் ஓய்வுபெற்ற டிரைவர் மாமா ஒருவர் இருப்பார். அவரை ஒருநாள் முன்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் பாருங்கள். அவர் மெதுவாக ஏதாவது சொன்னால், அதை இரண்டாம் தடவை சொல்ல விடாதீர்கள்.